வீட்டில் கிறிஸ்துமஸ் குடில்: 13-ஆம் தேதியே கேழ்வரகை ஊறப் போடுங்கள்

குடில், அதாவது இயேசு பிறந்த மாட்டுத் தொழுவத்தின் மாதிரியை வீட்டில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் 23-ஆம் தேதி ராத்திரி அட்டைப்பெட்டியோடு உட்காருவார்கள். கொட்டகையை ஒரே ராத்திரியில் கட்டிவிடலாம். புல் அப்படி முளைக்காது. அதனால் நான் புல்லிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நேரம் சரியாக இருக்கிறது.

பச்சை பிளாஸ்டிக் விரிப்பு கடையில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரமான திருவருகைக் காலம் காத்திருக்கும் காலம். பிள்ளைகள் காலையில் எழுந்ததும் பல் கூடத் தேய்க்காமல் தட்டைப் போய்ப் பார்ப்பதும், "இன்னைக்கு ஒரு விரல் வளர்ந்திருக்கு" என்று வந்து சொல்வதும் அந்தக் காத்திருப்பில் சேர்த்திதான். 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் புனித அசிசி பிரான்சிஸ் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும்தான் கொண்டுவந்தார். நம் வீட்டுக் கூடத்தில் மாட்டைக் கட்ட முடியாது. புல்லாவது உயிரோடு இருக்கட்டும்.

சுரூபங்களை முதலில் அளந்துவிடுங்கள்

பெட்டியைத் திறந்து எல்லாச் சுரூபங்களையும், அதாவது குடில் பொம்மைகளையும், வரிசையாக நிறுத்துங்கள். நின்றுகொண்டிருப்பதில் உயரமானது எது என்று பாருங்கள். பெரும்பாலும் சூசையப்பராக (யோசேப்பு) இருக்கும். அவர் அரை அடி என்றால் கொட்டகையின் உள் உயரம் முக்கால் அடி இருந்தால் போதும். புல்லும் சுரூபங்களின் அளவுக்குப் பொருத்தமாகத்தான் வளர வேண்டும். ஆட்டுக்குட்டி முங்கிப்போகும் அளவுக்குப் புல் நின்றால் பார்க்க நன்றாக இருக்காது.

புதிதாக வாங்குவதாக இருந்தால் மண் பொம்மையோ காகிதக் கூழ் பொம்மையோ வாங்குங்கள். பிளாஸ்டிக் செட்டில் முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. மண்ணில் மாதாவின் முகத்துக்கு ஒரு தனிக் களை வரும். பணம் அதிகம் என்றால் இந்த வருஷம் திருக்குடும்பம் மூன்று பேரை மட்டும் வாங்குங்கள். இடையர்களும், குழந்தையைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களும் அடுத்த வருஷம் வரட்டும்.

புல்

இந்தப் பதிவை எழுதியதே இந்தப் படிக்காகத்தான். எதை விதைப்பது? எங்கள் வீட்டில் கேழ்வரகு, கோதுமை இரண்டும் உண்டு. கேழ்வரகுப் புல் மெல்லிசு, கட்டை. சுரூபங்களுக்கு முன்னால் தரைப்புல்லாக நிற்கும். கோதுமை தடித்து உயரமாக வரும். கொட்டகைக்குப் பின்னாலும் ஓரங்களிலும் வைக்கலாம். கொலுவில் பார்க் வைக்கிறவர்களுக்கு இந்தக் கேழ்வரகு வேலை கைவந்தது. பக்கத்து வீட்டில் அப்படி ஒரு மாமி இருந்தால் அவரிடம் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ரேஷன் கடையில் வாங்கும் முழுக் கோதுமையே போதும். அரிசி முளைக்குமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முளைக்காது. உமி நீக்கித் தீட்டும்போதே முளைக்கரு போய்விடும். நெல்லாகக் கிடைத்தால் தாராளமாகப் போடலாம்.

ஒரு அடிக்கு ஒரு அடி தட்டு என்றால் கோதுமை ஒரு டம்ளர், அதாவது சுமார் 200 கிராம் வேண்டும். கேழ்வரகு 50 கிராம் போதும். தட்டு எதுவாகவும் இருக்கலாம். இனிப்புக் கடைப் பிளாஸ்டிக் பெட்டியின் மூடியில்கூட அடியில் நாலு துளை போட்டு வைக்கலாம். குடில் தரையிலேயே நேரடியாக விதைக்காதீர்கள். தட்டில் இருந்தால்தான் பகலில் தூக்கி வெயிலில் வைக்கவும் பழுத்துப்போனால் மாற்றவும் முடியும்.

13-ஆம் தேதி ராத்திரி கேழ்வரகை ஊறப் போடுங்கள். மறுநாள் காலை கலங்கல் போகும்வரை நாலைந்து முறை அலசி, வடித்து, ஈரத் துணியில் முளை கட்டுங்கள். 15-ஆம் தேதி காலை வெள்ளையாக மூக்கு விட்டிருக்கும். தட்டில் ஒரு அங்குலம் கோகோபீட்டோ (தேங்காய் நார்த் தூள்) சலித்த மண்ணோ பரப்பி நனைத்து, அதன் மேல் முளைத்ததைத் தூவுங்கள். ஒரு மணி இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. ஒட்டி ஒட்டி இருக்கலாம். அள்ளிக் கொட்டினால் அடியில் இருப்பது அழுகி வாடை வரும். கோதுமை வேகமாக வளரும் என்பதால் அதை 15-ஆம் தேதி ராத்திரி ஊறப் போட்டால் போதும். 17-ஆம் தேதி காலை விதைக்கலாம். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் குளிரில் இருப்பவர்கள் இரண்டையுமே நாலைந்து நாள் முன்னதாகத் தொடங்கிவிடுங்கள்.

விதைத்ததும் நனைத்த சாக்கால் மூடி வையுங்கள். இரண்டு நாள்தான். அதற்கு மேல் ஒரு நாளும் வேண்டாம். முளைப்பாரியை இருட்டில் வளர்ப்பதால்தான் அது வெளிறிய மஞ்சளாக வருகிறது. அங்கே அதுதான் அழகு. குடிலுக்கு நமக்குப் பச்சை வேண்டும். சாக்கை எடுக்கும்போது முளைகள் வெளிறித்தான் இருக்கும், பயப்படாதீர்கள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் வைத்தால் மறுநாளே நிறம் ஏறத் தொடங்கும். மழை மூட்டமாக இருந்தாலும் வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் வராந்தா ஓரத்துக்காவது கொண்டுவாருங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதைத் தெளிக்காதீர்கள், நுனி கருகும். குடிக்கிற நல்ல தண்ணீரையே தெளியுங்கள். காலையும் மாலையும் தெளித்தால் போதும். தட்டில் தேங்கி நிற்கக் கூடாது.

*பின்சேர்க்கை:* "மூன்றாம் நாள் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்" என்று சிலர் எழுதியிருந்தார்கள். கொட்டும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். அந்த வெள்ளைப் பஞ்சின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஒவ்வொரு வேரையும் சுற்றிப் பஞ்சு படிந்து கண்ணுக்குத் தெரியாமல் போனால் அது வேர்த்தூவி, வேரில் வரும் மெல்லிய முடி. செடி நலமாக இருக்கிறது. சிலந்தி வலையாக மணிகளுக்கு மேலே படர்ந்து, தெளித்த பிறகும் அப்படியே நின்று, புளித்த வாடையும் அடித்தால்தான் பூஞ்சை. அப்போதும் முழுத் தட்டையும் கொட்ட வேண்டாம். அந்த இடத்தை மட்டும் கரண்டியால் தோண்டி எடுத்துவிட்டு, தட்டைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று: எலி, அணில், கோழி எல்லாமே முளைத்த தானியத்தைத் தேடி வரும். ராத்திரியில் தட்டின் மேல் சல்லடையையோ கம்பிக் கூடையையோ கவிழ்த்து வையுங்கள்.

24-ஆம் தேதி கேழ்வரகு இரண்டு விரல் அகல உயரத்தில் இருக்கும். கோதுமை அதைவிட இரண்டு மடங்கு நிற்கும். கத்தரிக்கோலால் வேண்டிய உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டினால் திரும்பத் துளிர்க்கும். ஆனால் ஜனவரி 6-ஆம் தேதி வரும் ராஜாக்கள் திருநாள்வரை ஒரே தட்டு தாங்காது, சாய்ந்து பழுத்துவிடும். 22-ஆம் தேதி வாக்கில் இரண்டாவது தட்டுக்கு ஊறப் போட்டுவிட்டால் புது வருஷத்துக்குப் புதுப் புல் தயார்.

கொட்டகை

அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டால் சுவர் மூன்றும் கிடைத்துவிடும். நாலு மூலைக்கும் முருங்கைக் குச்சியோ மூங்கில் குச்சியோ கொடுத்துச் சணலால் கட்டுங்கள். பசைத் துப்பாக்கி எனக்குப் பிடிக்காது. ஈரக் காற்றில் பிடி விட்டுவிடுகிறது. சணல் முடிச்சு பார்வைக்கும் தொழுவத்துக்குப் பொருத்தமாக இருக்கும். கூரைக்குப் பனையோலை கிடைத்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஓலையை நனைத்துப் பதமாக்கி, கீழிருந்து மேலாக வரிசை வரிசையாக, மேல் வரிசை கீழ் வரிசையைப் பாதி மூடும்படி வேயுங்கள். வராந்தாவில் வைக்கிறவர்களுக்கு இது முக்கியம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் விட்டு விட்டுச் சாரல் அடிக்கும், காகிதக் கூரை ஒரே சாரலில் தொங்கிவிடும்.

நகரத்தில் வைக்கோலுக்கு எங்கே போவது? பழக்கடையில் கேளுங்கள். பெட்டிக்குள் பழங்களுக்கு மெத்தையாக வருவது பல சமயம் வைக்கோல்தான், பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஒரு நாள் வெயிலில் உதறிக் காய வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மலைக்கு, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளைக் கசக்கி விரித்துச் செங்கல் மேல் போர்த்தினால் போதும். குளத்துக்கு உடையாத சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து ஓரத்தை மணலால் மறையுங்கள். கடற்கரை மணல் என்றால் நாலு தண்ணீர் அலசிய பிறகு போடுங்கள். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். தெர்மாகோல் பனி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காற்றில் பறந்து தெருச் சாக்கடை வரை போகும்.

விளக்கு

மினுக்கும் சீரியல் செட்டை வாசலிலும் நட்சத்திரத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். குடிலுக்குள் நிலையாக எரியும் ஒரு மஞ்சள் எல்இடி போதும். உத்தரத்துக்குப் பின்னால் மறைத்து, வெளிச்சம் தீவனத் தொட்டியில் விழும்படி கட்டுங்கள். பல்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, வெளிச்சம்தான் தெரிய வேண்டும். பழைய ஜீரோ வாட் பல்பை வைக்கோல் பக்கத்தில் கட்டவே கட்டாதீர்கள். பெயரில்தான் ஜீரோ. இழை பல்பு என்றால் 15 வாட் வரை இழுத்துச் சூடாகும். மெழுகுவர்த்தியும் குடிலுக்கு உள்ளே வேண்டாம். தண்ணீர் தெளிக்க வேண்டிய தட்டுகளை வெளியே எடுத்துத் தெளித்துவிட்டு, வடிந்த பிறகு உள்ளே வையுங்கள். ஒயருக்குப் பக்கத்தில் நின்று தெளிக்க வேண்டாம்.

யார் எப்போது வர வேண்டும்

தொடக்கத்தில் தொழுவம், மாடு, கழுதை மட்டும் இருக்கட்டும். மாடும் கழுதையும் லூக்கா நற்செய்தியின் பிறப்புக் கதையில் இல்லை. பழைய ஏற்பாட்டின் எசாயா நூல் முதல் அதிகாரத்தில், மாடு தன் உடைமையாளனையும் கழுதை தன் தலைவனின் தீவனத் தொட்டியையும் அறியும் என்று வரும் வசனத்தோடு சேர்த்து மரபு அவற்றைக் குடிலுக்குள் கொண்டுவந்தது. பிள்ளைகள் கேட்டால் சொல்லிக்கொடுக்கலாம். 24-ஆம் தேதி மாலை மாதாவும் சூசையப்பரும். தீவனத் தொட்டி காலியாகவே இருக்க வேண்டும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் வீட்டிலேயே சின்னவரின் கையால் குழந்தை இயேசுவை வைக்கச் சொல்லுங்கள். இடையர்கள் அதே ராத்திரி வரலாம். ராஜாக்கள் மூவரும் கூடத்தின் அந்தக் கோடியில், டிவி ஸ்டாண்டில் நிற்கட்டும். நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி ஜனவரி 6-ஆம் தேதி கொட்டகைக்கு முன்னால் கொண்டுவந்து சேருங்கள்.

வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் கேரல் குழு வரும்போது குழந்தை இல்லாமல் குடில் வெறுமையாக இருக்காதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கும். எங்கள் அன்பியத்தில் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் குழு) பல வீடுகளில் கேரல் வரும் நாளிலேயே குழந்தையையும் வைத்துவிடுகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். நான் அந்தக் காலித் தொட்டியில் வைக்கோலை மட்டும் பரப்பி, பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் போடலாம் என்று வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததற்கு ஒன்று, தம்பியோடு சண்டை போடாததற்கு ஒன்று. வருகிறவர்கள் தொட்டியைப் பார்த்து விசாரிப்பார்கள், பிள்ளைகளே கதையைச் சொல்லிவிடுவார்கள்.

கேரல் வரும் ராத்திரிக்கு இடத்தையும் யோசித்துக்கொள்ளுங்கள். குடிலுக்கு முன் பத்துப் பேர் நின்று பாடி, ஒரு நிமிஷம் முழங்கால் படியிடும் அளவுக்காவது காலியாக விடுங்கள். சோபாவை அன்று மாலையே ஒதுக்கிவிடுங்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் தாளத்துக்கு ஆடும்போது கொட்டகை பக்கம் வந்துவிடுவார், அதனால் குடிலைச் சுவர் மூலையில் வைப்பதே பாதுகாப்பு. டீயையும் முறுக்கையும் குடிலின் ஓரத்தில் வைக்க வேண்டாம். எறும்பு முதலில் அங்கேதான் போகும், அப்புறம் வைக்கோலுக்குள் குடியேறிவிடும்.

எடுத்து வைப்பது

ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பிரிக்கலாம். புல்லையும் வைக்கோலையும் தெருவில் மாடு, ஆடு வைத்திருப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள், அழுகியதைக் கொடுக்காதீர்கள். கண்ணாடியைத் துணியில் சுற்றி வையுங்கள். மண் சுரூபங்களைக் காய்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் ஈரம் தங்கிச் சாயம் உரியும். பெட்டிக்கு மேல் சுரூபங்களின் எண்ணிக்கையை எழுதி, அதற்குக் கீழே கேழ்வரகு 13, கோதுமை 15 என்று தேதிகளையும் மார்க்கரால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பெட்டியைப் பரணில் ஏற்றும்போது அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள்.