மழை விட்ட இரவில்தான் பனி: நீலகிரியில் ஐப்பசி, கார்த்திகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உறைபனி என்றால் மார்கழி என்பது நீலகிரியில் பலர் மனதில் பதிந்துபோன கணக்கு. நவம்பரில் விழும் முதல் பனியில் கடைபோக (ஆகஸ்ட், செப்டம்பரில் நட்ட) உருளைக்கிழங்கு மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கால்தான். வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்வதில்லை. வங்கக்கடலில் உருவான ஒரு தாழ்வுப் பகுதி கரையேறிக் கடந்துபோன பின், அடுத்தது வரும்வரை சில நாள் இடைவெளி கிடைக்கும். அந்த நாட்களில் வறண்ட காற்று வந்து, வானம் வெளுத்து, காற்று அசையாமல் நின்றால் பனிக்கு வேறெதுவும் தேவையில்லை. மேகம் இருக்கும் வரை நிலத்துக்கு அது கம்பளி மாதிரி. கம்பளியை உருவிய இரவில் பகல் சூடு முழுக்க வானத்துக்குப் போய்விடும். அதனால் மழை விட்டதும் தார்ப்பாயை மடித்து வைப்பது முதல் தவறு.

அடுத்த தவறு, செல்போனில் "ஊட்டி 4 டிகிரி" என்று பார்த்துவிட்டுப் பூஜ்ஜியம் இல்லையே என்று தூங்கப் போவது. வானிலை நிலையங்களில் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில், நிழல் பெட்டிக்குள் இருக்கும். தெளிந்த, காற்றில்லாத இரவில் புல் நுனி அதைவிட 3 முதல் 5 டிகிரி வரை குளிர்ந்து கிடக்கும். பெட்டிக்குள் 4 என்றால் தரையில் உறைநிலை ஆகியிருக்கலாம். அதோடு, முன்னறிவிப்பு பல கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே எண்ணைத் தருகிறது. உங்கள் பள்ளம் அதற்குத் தெரியாது. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். 2,637 மீட்டர் உயர தொட்டபெட்டாவை விட்டுவிட்டு, கீழே உள்ள தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி முதலில் வெளுப்பது இதனால்தான். உயரம் கூடினால் குளிர் கூடும் என்ற விதி பகலுக்குச் சரி. பனி இரவில் அது தலைகீழாகிவிடும்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் கால் அங்குலம் தண்ணீர் ஊற்றி, ஒன்றைத் தோட்டத்தின் தாழ்ந்த மூலையிலும் மற்றதை மேட்டிலும் புல் மேல் வைத்துவிடுங்கள். இரவின் உச்சக் குளிர் சூரியன் எழும் நேரத்தை ஒட்டித்தான் வரும். பத்து மணிக்குப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். காலை ஆறரைக்குப் போய்த் தட்டை விரலால் தட்டிப் பாருங்கள். கீழ்த் தட்டில் ஏடு கட்டி, மேல் தட்டில் தண்ணீர் ஆடினால், எந்தப் பாத்தியை மூட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. புல் வெளுக்கவில்லை என்பதற்காக நிம்மதியடையவும் கூடாது. காற்று மிக வறண்டிருந்தால் வெண்மையே படியாமல் இலை உறையும். விடியலில் விறைத்து நிற்கும் உருளை இலை, வெயில் ஏறியதும் வெந்த கீரை போல நிறம் மாறி, பிறகு கருகும்.

மூடுவதில் நடக்கும் தவறுகள் அதிகம். பிளாஸ்டிக் தாளை இலை மேலேயே போர்த்தினால், தாள் தொடும் இடமெல்லாம் கருகும். மெல்லிய பாலிதீன் தரையின் வெப்பத்தையும் தடுக்காது. சாக்கு, பழைய துணி, அல்லது ஊட்டி தாவரவியல் பூங்காவில் போடுவது போல மிலார் (ஒரு வகைப் புதர்ச் செடி) நல்லது. குச்சி நட்டு, இலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு, ஓரங்கள் தரையைத் தொடும்படி போடுங்கள். செடியின் தண்டோடு சேர்த்துக் கட்டினால் மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளே வராது, போர்வையால் பயனே இல்லை. மாலை நாலரைக்குள் மூடிவிட வேண்டும். எட்டு மணிக்கு மூடினால் குளிரைத்தான் உள்ளே அடைக்கிறீர்கள். வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள்.

வரிசைகளுக்கு நடுவே காய்ந்த புல் பரப்புவது கோடையில் நல்ல பழக்கம். பனி இரவில் அதுவே பகை. மண் சூடு வாங்குவதையும் திருப்பித் தருவதையும் அது தடுக்கும். காய்கறிப் பாத்தியில் அந்த நாட்களுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். கொத்திக் கிளறுவதையும் தள்ளிப் போடுங்கள். ஈரமான, இறுகிய மண்தான் சூட்டைத் தேக்கும். ஆகவே மண் காய்ந்திருந்தால் முந்தின நாள் மதியத்துக்குள் பாய்ச்சுவது உதவும்.

ஸ்பிரிங்ளர் விஷயத்தில் அரைகுறை வேலை ஆபத்து. ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தைச் செடிக்குக் கொடுக்கிறது. அதே ஒரு கிராம் ஆவியானால் சுமார் 600 கலோரியைப் பிடுங்கிக்கொள்ளும். நடுராத்திரி கரண்ட் போய் மோட்டார் நின்றால், தெளிக்காமலே இருந்திருக்கலாம் என்ற நிலைமை. உறைநிலைக்கு முன்பே தொடங்கி, காலையில் ஐஸ் உருகி முடியும்வரை நிறுத்தாமல் மணிக்கு 3 மில்லிமீட்டர் விட வேண்டும். ஏக்கருக்கு அது மணிக்குச் சுமார் 12,000 லிட்டர். அவ்வளவு தண்ணீர் இல்லையென்றால் இதில் இறங்காதீர்கள். ஈரச் சருகைக் கொளுத்திப் புகை போடுவதும் வீண் வேலை. புகை மேகமாகாது, தரையின் சூடு அதை ஊடுருவிப் போய்விடும்.

தேயிலையில் பள்ளத்துப் பகுதியைக் கவாத்து செய்வதும், தாமதமாக யூரியா போடுவதும் இப்போது வேண்டாம். பனிக்கு நேரே இளந்துளிரைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அது. கருகிய இலையையும் உடனே வெட்டாதீர்கள். எதுவரை செத்தது என்பது சில வாரம் கழித்தே தெரியும், அதுவரை காய்ந்த இலை கீழே உள்ள மொட்டுக்குப் போர்வை.

மழை எச்சரிக்கையைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஆரஞ்சு எச்சரிக்கை மாவட்டம் முழுமைக்கும் வரும். ஆனால் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதுவது குன்னூர், கோத்தகிரி, பர்லியார் சரிவுகளில். கூடலூர், பந்தலூருக்குப் பெருமழை தென்மேற்குப் பருவத்தில். கூடலூரில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து மேட்டுப்பாளையம் சாலையில் கிளம்பக் கூடாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டி, நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மழை நின்ற பிறகும் ஊறிய சரிவு நகரும். சுவரில் புது விரிசல், கதவு திடீரென்று இறுகுவது, ஊற்று கலங்கி வருவது: இதில் ஒன்றைக் கண்டாலும் அன்று இரவே வேறு வீட்டில் படுங்கள்.

கடைசியாக, வீட்டுக்குள். முதல் குளிர் வந்ததும் கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். புகை அடங்கிய கனல்தான் ரொம்ப ஆபத்து: அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், பிறகு எழ முடியாத மயக்கம். தூங்கப் போகுமுன் கனலை முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் அதன் ஜன்னலைக் குளிருக்காகத் துணி வைத்து அடைக்காதீர்கள்.