மிச்ச எரிபொருள் என்று ஒன்று கிடையாது: செயற்கைக்கோளை இறக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒரு தர்ஷினி ஓட்டல் வாசலில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த சேலத்துப் பையன் லேப்டாப்பைத் திறந்து ஒரு செயற்கைக்கோளின் எரிபொருள் கணக்கைக் காட்டினான். பாதையில் நிலைநிறுத்த இவ்வளவு, பராமரிக்க இவ்வளவு, மோதலைத் தவிர்க்க இவ்வளவு என்று வரி வரியாக எண்கள். கடைசி வரி, ஆயுள் முடிந்ததும் அதைப் பாதையிலிருந்து கீழே இறக்குவதற்கானது. அதில் மட்டும் எண் இல்லை. "இறக்குவதற்கு: மீதி" என்று எழுதியிருந்தான்.

"என்னப்பா இது, மீதின்னா எவ்வளவு?"

"கடைசியில என்ன இருக்கோ அத வெச்சு இறக்கிடலாம்க்கா."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வரியை நானும் எழுதியிருக்கிறேன். அதனால்தான் அவனைத் திட்ட வாய் வரவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து எழுதியது இது. ஆன்டெனா விரியவில்லை, கட்டளையில் ஒரு இலக்கம் மாறிவிட்டது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒருமுறை பட்டால் ஆயுளுக்கும் மறக்காது. பட்டாலும் உறைக்காத தவறுகள் வேறு.

கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்படுவது, கிலோமீட்டரைப் பார்த்துத் தூங்கிப்போவது

மோதல் எச்சரிக்கை வந்ததும் புதியவர்களின் கண் முதலில் போவது இரண்டு பொருள்களும் எவ்வளவு தூரத்தில் கடக்கும் என்ற எண்ணுக்கு. 200 மீட்டர் என்றிருந்தால் வியர்க்கிறது. 1.2 கிலோமீட்டர் என்றிருந்தால் டீ குடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தூரம் எவ்வளவு நிச்சயமானது என்பதை யாரும் பார்ப்பதில்லை. இருப்பிடப் பிழை 10 மீட்டர்தான் என்றால் 200 மீட்டர் நிம்மதியான இடைவெளி. பிழையே 2 கிலோமீட்டர் என்றால் அந்த 1.2 கிலோமீட்டருக்கு அர்த்தமே இல்லை. பார்க்க வேண்டியது நிகழ்தகவை. பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் நகர்த்துவதைப் பற்றிப் பேசத் தொடங்குவது பரவலான வழக்கம்.

பொதுவில் கிடைக்கும் டிஎல்இ வரிகளை (ஒவ்வொரு பொருளின் பாதையையும் இரண்டே வரியில் சொல்லும் எண்களை) வைத்து நகர்த்துவதை முடிவுசெய்யவே கூடாது. அவை வானில் எது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்கு; கிலோமீட்டர் கணக்கில் பிழை இருக்கும். சொந்த ஜிபிஎஸ் தரவில் பாதையைக் கணக்கிட்டு, கண்காணிப்பவர்களுக்கும் அதை அனுப்புங்கள். 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே, சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில் இரிடியம் 33 செயற்கைக்கோளும் ரஷ்யாவின் செத்துப்போன காஸ்மோஸ் 2251-உம் மோதின. அன்று அது எல்லோரும் அஞ்சிக் காத்திருந்த சந்திப்பு அல்ல. அன்றைய பட்டியலில் இருந்த எத்தனையோ சந்திப்புகளில் ஒன்று.

"மீதி"

இதுதான் எனக்கு இன்றும் ஆத்திரம் வரவைக்கும் தவறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 600 கிலோமீட்டர் வட்டப் பாதையில் 100 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோள் என்று வையுங்கள். சொன்ன நேரத்தில், சொன்ன கடலில் விழவைக்க வேண்டுமானால் பாதையின் தாழ்ந்த முனையை, அதாவது பெரிஜியை, 50 கிலோமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கு விநாடிக்கு ஏறக்குறைய 157 மீட்டர் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஹைட்ரசினை எரிபொருளாகக் கொண்ட சாதாரண த்ரஸ்டரில் (செயற்கைக்கோளைத் தள்ளும் குட்டி ராக்கெட்டில்) கிட்டத்தட்ட 7 கிலோ எரிபொருள். எங்கே விழுந்தாலும் சரி, சீக்கிரம் இறங்கினால் போதும் என்று பெரிஜியை 300 கிலோமீட்டரில் விட்டால் 84 மீட்டர். 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஏவுவதற்கு முன்பே தெரிந்த எண்கள். இவற்றில் 'மீதி'க்கு எங்கே இடம்?

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஏறத்தாழ இதே அளவில் ஒரு படமெடுக்கும் செயற்கைக்கோள் இருந்தது. தொடக்கத்தில் முழு 157-ஐயும் ஒதுக்கித்தான் வைத்திருந்தோம். ஆனால் கணக்குத் தாளில் அந்த வரிக்குப் பெயர் 'மீதி'. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பெயரில்தான் எல்லாமே இருக்கிறது. மீதி என்று எழுதியதை எவனும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆயுள் முடியும் வருஷம் வாடிக்கையாளர் இன்னும் ஆறு மாதம் படம் வேண்டும் என்றார். காசு நல்ல காசு. ஆனால் பாதையின் சாய்வு மெல்ல விலகியிருந்ததால், படம் எடுக்கும் நேரம் காலை பத்தரையிலிருந்து நகர்ந்துவிட்டது; நிழல்கள் மாறிவிட்டன. சாய்வைப் பத்தில் ஒரு பாகை திருத்தவே விநாடிக்கு 13 மீட்டர் ஆகும். திருத்தினோம். மறுபடி ஆறு மாதம் கேட்டார்கள். மறுபடி திருத்தினோம். அந்தக் கூட்டத்தில் ஒருவர், "கடலில்தான் விழ வேண்டும் என்று என்ன கட்டாயம்? 300-க்கு இறக்கிவிட்டால் தானாக வந்துவிடாதா?" என்றார். 157 என்ற எண் அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் 84 ஆனது. யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நானும்தான்.

பிறகு இறக்கத் தொடங்கினோம். மூன்றாவது எரிப்பில் தொட்டி அழுத்தம் சரிந்தது. நான்கு த்ரஸ்டரில் இரண்டு சரியாகத் தள்ளவில்லை. செயற்கைக்கோள் சுழன்று, எல்லா வேலையையும் நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும் சேஃப் மோடுக்குப் போய்விட்டது. எங்கள் கணக்குப் புத்தகத்தின்படி தொட்டியில் இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும்.

அந்த ஒரு கிலோ எங்கே போனது? எங்கும் போகவில்லை, அது முதலிலிருந்தே இல்லை. எடையில்லா நிலையில் தொட்டிக்குள் எட்டிப்பார்க்க முடியாது. ஒவ்வொரு எரிப்பிலும் இவ்வளவு செலவு என்று கூட்டிக்கொண்டே வருவோம்; நூறு எரிப்பின் சின்னச் சின்னப் பிழைகள் ஒன்றாகச் சேரும். இன்னொரு வழி, அழுத்தமும் வெப்பமும் பார்த்துக் கணிப்பது. தொட்டி நிறைந்திருக்கும்போது அது பரவாயில்லை. காலியாக ஆகத்தான் அதன் பிழை பெருகும். எண் துல்லியமாக வேண்டிய கடைசி நாளில்தான் இரண்டு வழியும் காலை வாருகின்றன. போதாக்குறைக்கு, குழாயிலும் தொட்டி ஓரத்திலும் ஒட்டி எதற்கும் உதவாமல் நிற்கும் கொஞ்சம் வேறு.

அப்பாவின் பழைய பஜாஜ் ஸ்கூட்டர் பெட்ரோல் தீர்ந்து நின்றால் ரிசர்வுக்குத் திருப்புவார். அதுவும் தீர்ந்தால் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, நிமிர்த்தி, ஒரு உதை. பங்க் வரை போய்விடும். செயற்கைக்கோளைச் சாய்க்க முடியாது. நாங்கள் அன்று ராத்திரி செய்ததெல்லாம் ஏறக்குறைய அந்தச் சாய்ப்புதான்: தொட்டியைச் சூடேற்றிப் பார்த்தோம், தரைநிலையத்துக்கு மேல் அது கடக்கும் ஒவ்வொரு பாஸிலும் சின்னச் சின்னத் துடிப்பாக எரித்துப் பார்த்தோம். பெரிஜி 470 கிலோமீட்டருக்குக் கீழே வரவில்லை.

அது இன்னும் மேலேதான் இருக்கிறது. அடுத்தவர்களின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் எண் வரும்போதெல்லாம் எனக்குத் தெரியும். அது ஒதுங்காது, எதிரே வருபவர்தான் ஒதுங்க வேண்டும். ஐரோப்பாவின் என்விசாட்டும் இதே ரகம்: 8 டன், 2012 ஏப்ரலில் தொடர்பு அறுந்தது, சுமார் 770 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் சுற்றுகிறது. அங்கே எரிபொருள் போதுமா என்ற கேள்விக்கே இடமில்லை. சொன்னதைக் கேட்க ஆளில்லை. ஆகவே எரிபொருளை ஒதுக்கினால் மட்டும் போதாது. நடமாட்டம் நன்றாக இருக்கும்போதே இறக்கத் தொடங்க வேண்டும். செயற்கைக்கோளைத் திருப்பும் ரியாக்ஷன் வீல்களில் முதலாவது மக்கர் செய்த பிறகு திட்டம் போடுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சரியாகச் செய்ததற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் இஸ்ரோவிலேயே. 2007 ஜனவரியில் ஏவிய கார்ட்டோசாட்-2 தானாக இறங்க விட்டிருந்தால் 30 வருஷம் ஆகியிருக்கும். எஞ்சிய எரிபொருளில் 2020 தொடக்கத்துக்குள் அதன் பெரிஜியை 380 கிலோமீட்டருக்குத் தாழ்த்தினார்கள். 2024 பிப்ரவரி 14 அன்று அது வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. மேகா-டிராபிக்ஸ்-1 அதைவிடச் சிக்கல். ஏறக்குறைய 1000 கிலோ எடை, 867 கிலோமீட்டர் உயரம், விட்டுவைத்தால் நூறு வருஷத்துக்கு மேல் சுற்றும். இப்படி இறக்குவதற்காக வடிவமைக்கப்பட்டதும் அல்ல. தொட்டியில் 125 கிலோ அளவுக்கு எரிபொருள் இருந்ததால் 2022 ஆகஸ்டிலிருந்து படிப்படியாகத் தாழ்த்தி, 2023 மார்ச் 7 அன்று கடைசி இரண்டு எரிப்புகளில் பசிபிக்கில் இறக்கினார்கள். "பார்த்தீங்களாக்கா, அதுவும் மீதிதானே" என்றான் சேலத்துப் பையன். 125 கிலோ மீதி இருந்தால் நானும் மீதி என்றே எழுதுவேன், தம்பி.

அணைத்துவிட்டேன் என்று நினைப்பது

வேலை முடிந்த செயற்கைக்கோளில் அழுத்தமாகவோ மின்சாரமாகவோ ஏதாவது மிச்சமிருந்தால் என்றாவது வெடிக்கலாம். 2001 அக்டோபரில் டெஸ் செயற்கைக்கோளைக் கொண்டுபோன பிஎஸ்எல்வி-சி3 ராக்கெட்டின் கடைசி நிலை, அதே டிசம்பரில் மேலே வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. மிஞ்சிய எரிபொருள்தான் காரணம். அதற்குப் பின்தான் இங்கே கடைசி நிலையைக் காலிசெய்வது வழக்கமானது. 2015-இல் அமெரிக்காவின் டிஎம்எஸ்பி எஃப்-13 வானிலைச் செயற்கைக்கோள் உடைந்தது பேட்டரியால்.

புதியவர்கள் தொட்டியைக் காலிசெய்ய மறப்பதில்லை. பேட்டரியில்தான் கோட்டை விடுகிறார்கள். 'ஆஃப்' கட்டளை அனுப்பி, சிக்னல் நின்றதும் கைதட்டுவார்கள். ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் தானே எழுந்து, சோலார் தகட்டைச் சூரியனுக்குத் திருப்பி சார்ஜ் ஏற்றிக்கொள்ளும்படி அதற்குள் மென்பொருள் எழுதியவர்களும் நாம்தான். அது பொறுப்பாக எழுந்து உட்கார்ந்துகொள்ளும். தகட்டுக்கும் பேட்டரிக்கும் உள்ள இணைப்பை நிரந்தரமாகத் துண்டிக்க வழி ஏவுவதற்கு முன்பே வேண்டும். பிறகு ஸ்க்ரூடிரைவரோடு ஏற முடியாது.

"25 வருஷம் இருக்கே!"

வேலை முடிந்து 25 வருஷத்துக்குள் இறங்கினால் போதும் என்பது பழைய வழிகாட்டுதல். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2022-இலேயே 5 வருஷம் என்று ஆக்கிவிட்டது. 2030-க்குள் குப்பையில்லாப் பயணங்கள் என்று இந்தியாவும் இலக்கு அறிவித்துவிட்டது.

சூரியனைக் கணக்கில் சேர்க்காதது

சூரியன் கொந்தளிக்கும் வருஷங்களில் மேல் வளிமண்டலம் உப்பும், இழுவை கூடும், இறங்குவது வேகமாகும். அடங்கும் வருஷங்களில் நேர்மாறு. இந்தச் சுழற்சி ஏறக்குறைய 11 வருஷம். 2022 பிப்ரவரியில் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 ஒரு புவிகாந்தப் புயலில் விழுந்தன. நம் பையன்கள் கணக்கில் சூரியன் எப்போதும் சராசரியாகவே இருக்கிறது.

எங்கே விழும் என்று வாய்விடுவது

தானாக விழும் செயற்கைக்கோளைப் பற்றி நிருபர் ஃபோனில் கேட்டால், ஊர்ப் பெயர் எதையும் சொல்லாதீர்கள். ஒரு சுற்று 90 நிமிடம், 40,000 கிலோமீட்டருக்கு மேல். உங்கள் கணிப்பு ஒரு மணி நேரம் தவறினால் இடம் பாதி உலகம் தள்ளிப்போகும். பெரும்பகுதி எரிந்துவிடும் என்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. டைட்டானியத் தொட்டிகள் தரைக்கு வரும். 1979-இல் ஸ்கைலாப் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் பக்கம் விழுந்தபோது, குப்பை போட்டதற்காக அந்த ஊராட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. எங்கள் வார்டில் ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் கலந்தால் திட்டும் அம்மா எனக்கு அப்போதெல்லாம் நினைவுக்கு வருவார்.

உந்துவிசையே இல்லாத கியூப்சாட்டை 600 கிலோமீட்டரில் விடுவது

இந்தக் குட்டிப் பெட்டிச் செயற்கைக்கோளை அங்கே விடாதீர்கள். தானாகச் சீக்கிரம் இறங்கும் தாழ்ந்த பாதை கேளுங்கள்.

புவிநிலைப் பாதையில் இருப்பதை இறக்கப் பார்ப்பது

சுமார் 36,000 கிலோமீட்டரிலிருந்து இறக்க எரிபொருள் கட்டாது. அதை யாருக்கும் இடைஞ்சலில்லாமல் மேலே ஏற்றுங்கள். இன்சாட்-4பி 2022 ஜனவரியில் 340 கிலோமீட்டர் மேலே போனது.

விமானத்துக்கும் கப்பலுக்கும் சொல்லாமல் கடைசி எரிப்பைத் தொடங்குவது

இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

சேலத்துப் பையன் நேற்று தாளைத் திருத்தி அனுப்பியிருந்தான். கடைசி வரி முதல் வரிக்கு வந்திருந்தது. 'மீதி' இல்லை; 7.0 கிலோ என்று எண்ணே போட்டிருந்தான். குழாயில் ஒட்டி நிற்பதையும் கணக்குப் பிழையையும் மட்டும் அதில் சேர்க்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.