சத்தமும் கூட்டமும் தாங்காதவர்கள் சிங்கப்பூரில் சமாளிப்பது எப்படி

சின்ன வயதில் வீட்டில் எனக்கு வைத்த பெயர் தொட்டாற்சிணுங்கி. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் லேபிள் அரிக்கிறது என்று கழற்றிப் போடுவேன், மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வாய்ட் டெக்குக்கு (அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளம்) இறங்கிவிடுவேன், விருந்தாளிகள் வந்தால் அறையை விட்டு வெளியே வர மாட்டேன். வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். நாற்பதை நெருங்கியும் அதே காது, அதே தோல், அதே மூக்குதான். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது: எல்லாம் சேர்ந்து தாங்க முடியாமல் எப்போது முட்டப்போகிறது என்று இப்போது முன்கூட்டியே தெரிகிறது. முட்டிய பிறகு செய்யக்கூடியது கொஞ்சம், அதற்கு முன்னால் செய்யக்கூடியது நிறைய. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் இந்தச் சுபாவத்தை ஆராயத் தொடங்கி, 1997இல் கணவர் ஆர்தர் ஏரனோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். புலன்கள் கொண்டுவருவதை மூளை மற்றவர்களைவிட ஆழமாக அலசுகிற இயல்பு சிலருக்குப் பிறவியிலேயே உண்டு என்கிறார். நூறு பேரில் பதினைந்து இருபது பேர் இப்படி என்பது அவர் கணக்கு, பிறகு வந்த ஆய்வுகளில் சில முப்பது வரை சொல்கின்றன. மனநல மருத்துவர்கள் வைத்திருக்கும் நோய்ப் பட்டியலில் இது இல்லை. காது அதிகமாகக் கேட்கிறது என்றும் அர்த்தமில்லை, உள்ளே வந்ததை ஒதுக்கித் தள்ள முடிவதில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவருக்கு ஏர்கான் இரைச்சல் ஐந்து நிமிடத்தில் மறந்துபோகிறது. எனக்கோ, நான் அங்கிருந்து கிளம்பும்வரை அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம், அத்தையோடு லிட்டில் இந்தியா என்கிற தேக்காவுக்குப் போனேன். அத்தை என்றால் வீட்டுக்காரரின் அம்மா. முந்தின நாள் முழுக்க மேல் வீட்டில் டைல் உடைத்திருந்தார்கள், இரவு சரியான தூக்கமில்லை, மதியம் சாப்பாட்டையும் தள்ளிப்போட்டிருந்தேன். சிராங்கூன் சாலையில் தலைக்கு மேல் அலங்கார விளக்குகள், பக்கத்துப் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு வெவ்வேறு பாட்டு, முறுக்கு சுடும் எண்ணெய், மல்லிகை, சாம்பிராணி, முதுகில் இடிக்கும் பைகள். ஒரு துணிக்கடைக்குள் நுழைந்ததும் வியர்த்த உடம்பில் ஏர்கான் குளிர் வந்து அறைந்தது. அத்தை இரண்டு புடவையைத் தூக்கிப் பிடித்து, "எதும்மா நல்லாருக்கு, அரக்கா பச்சையா?" என்றார். கேள்வி காதில் விழுந்தது, புரிந்தது, பதில்தான் வரவில்லை. ஜரிகை மட்டும் குழல் விளக்கில் மினுக்கிக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, "எதையாவது எடுங்க, என்னைக் கேக்காதீங்க" என்று கத்திவிட்டேன். கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை ஒன்றும் சொல்லாமல் இரண்டு புடவையையும் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தார், ஓரம் ஓரமாக, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டு.

புடவைக் கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. கணக்கு முந்தின நாள் காலையிலேயே டைல் சத்தத்தோடு ஆரம்பித்துவிட்டது. தூக்கம், பசி, வெயில், எண்ணெய் வாசனை என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் வாய் திறந்தவர் மேல் போய் விழுந்தது. அதனால் முதல் வேலை, உங்கள் அறிகுறிகளைக் கண்டுபிடிப்பது. அடுத்த முறை இப்படி முட்டினால், அன்று இரவே போனில் அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தைப் பின்னாலிருந்து முன்னால் எழுதிப் பாருங்கள்: என்ன கேட்டது, எப்போது சாப்பிட்டீர்கள், உடம்பில் எங்கே இறுகியது. நாலைந்து முறை எழுதினால் அதே இரண்டு மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும். எனக்குத் தாடை இறுகும், ஒரே விலைச்சீட்டை இரண்டு தடவை படிப்பேன், மிகவும் பிடித்தவரின் குரலே எரிச்சல் தரும். விலைச்சீட்டை இரண்டாம் தடவை படிக்கிறேன் என்றால் இன்னும் ஒரு கால் மணி நேரம்தான் தாங்குவேன். அப்போதே கிளம்பிவிட வேண்டும். "இன்னும் ஒரே ஒரு கடை" என்பதுதான் என்னை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்தது.

வெளியே போகும் நாளில்

தூங்காத நாளில், சாப்பிடாத நேரத்தில், கூட்டமான இடத்துக்குப் போகாதீர்கள். இது ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி பிரச்சினை குறையும். தீபாவளிச் சாமான்களை ஒரு மாதம் முன்பே, வார நாள் காலையில் வாங்கிவிடுங்கள். எம்ஆர்டி ரயிலில் வார நாள் காலை 7.45க்கு முன் கார்டைத் தட்டி நுழைந்தால் கட்டணத்தில் 50 காசு வரை குறைகிறது, அந்த நேரத்தில் நெரிசலும் குறைவு. கதவோரம் நிற்காமல் உள்ளே தள்ளி நில்லுங்கள், கதவு மூடும் 'பீப்' தலைக்கு மேலேயே அடிக்காது.

காதுக்கு வைக்கும் அடைப்பான் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வாங்கினேன், ஒன்றும் பிரயோஜனமில்லை" என்பவர்களில் பெரும்பாலோர் அதைப் பாதி வெளியே நிற்க விட்டிருப்பார்கள். மெத்தென்ற நுரை அடைப்பானை விரலால் மெல்லிய குச்சி மாதிரி உருட்டுங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுங்கள், அப்போதுதான் துவாரம் நேராகும். உள்ளே விட்டு, அது விரிந்து நிற்கும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். சரியாக வைத்தால் 30 டெசிபல் வரை குறைக்கும். 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானது போலத் தோன்றும், அதனால் இது பெரிய வித்தியாசம். ஆனால் பேச்சும் மங்கிவிடும், மெல்லும் சத்தம் மண்டைக்குள் இடிக்கும். கடைக்கும் கல்யாணத்துக்கும் துளையும் வடிகட்டியும் உள்ள அடைப்பான்தான் நல்லது. அது குறைவாகத்தான் அடைக்கும், எதிரில் இருப்பவர் பேசுவது கேட்கும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன், வெளிச் சத்தத்துக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அழிக்கிறது. ரயில், விமானம், ஏர்கான் மாதிரி ஒரே சீராக ஓடும் இரைச்சலுக்கு அருமை. குழந்தை வீறிடுவதையும் உணவங்காடியில் தட்டு விழுவதையும் அதனால் அந்த அளவுக்குப் பிடிக்க முடியாது. எதுவானாலும் சாலையைக் கடக்கும்போது கழற்றிவிடுங்கள். அமைதியான வீட்டிலும் நாள் முழுக்கக் காதை அடைத்தே வைத்திருக்க வேண்டாம், அப்படிப் பழகினால் சின்னச் சத்தமும் பெரிதாகக் கேட்கத் தொடங்கும்.

போகும் இடத்தில் ஒதுங்க ஓர் இடம் எங்கே இருக்கிறது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தேக்கா பக்கம் என்றால் நான் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போய்விடுவேன். 2015இல் திறந்தது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம், வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் உள்ளே நிசப்தம். திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். நகரத்துக்குள் என்றால் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஏழாம் மாடியிலிருந்து மேலே இருக்கும் லீ கொங் சியன் மேற்கோள் நூலகம். குடியிருப்புப் பேட்டைகளில் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளம் பெரும்பாலும் காலியாக இருக்கும், காற்றும் வரும். மனநலத்துக்கென்றே வடிவமைத்த தோட்டங்களும் இங்கே உண்டு. முதலாவது 2016இல் ஹார்ட்பார்க்கில் வந்தது, தியோங் பாரு பூங்காவிலும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலும் இருக்கின்றன. வார நாள் காலையில் போய்ப் பாருங்கள்.

சொந்தபந்தத்திடம் என்ன சொல்வது

எனக்கு இதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. நம் வீடுகளில் சீக்கிரம் கிளம்பினால் மண்டைக்கனம், ஓரமாக உட்கார்ந்தால் கோபம் என்று ஆகிவிடுகிறது. நான் பல வருடம் "தலை வலிக்குது" என்று பொய் சொன்னேன். அது உதவாது. உடனே ஒருவர் தைலம் எடுத்து வருவார், ஒருவர் தே (டீ) போட்டு வருவார், தனியாக இருக்க வேண்டிய நேரத்தில் ஐந்து பேர் சுற்றி நிற்பார்கள். முட்டும்போது சொல்லாமல், இரண்டு நாள் முன்பே, ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். "அண்ணி, கூட்டத்துல ரொம்ப நேரம் இருந்தா எனக்குத் திணறிடுது. தாலி கட்டுற வரைக்கும் இருக்கேன், சாப்பாட்டுக்கு முன்னாடி பத்து நிமிஷம் வெளியே நடந்துட்டு வந்துடுறேன், தேடாதீங்க." அந்தத் 'தேடாதீங்க'வை விட்டுவிடாதீர்கள், நிஜமாகவே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கல்யாண மண்டபத்தில் வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாதஸ்வரமும் ஸ்பீக்கரும் உள்ளே, நீங்கள் வெளியே, வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கலாம். நீங்கள் கலந்துகொள்ளவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று தேக்காவில் கத்திய பிறகு ஒரு வாரம் கழித்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கும் கோயில்ல மணி எல்லாம் சேர்ந்து அடிக்கறப்போ நெஞ்சு படபடன்னு வரும், சாமி குத்தம்னு நினைச்சு யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். எழுபது வயது. இப்போது நான் பையை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினால் அவருக்குப் புரிந்துவிடும், "வா, தே குடிக்கலாம்" என்று கிளம்பிவிடுவார். உங்களுக்கும் ஒருவரிடமாவது இப்படி ஓர் அடையாளம் இருக்கட்டும், பேச்சு வராத நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

முட்டிவிட்டால்

விளக்கம் சொல்ல நிற்காமல் நகருங்கள். கடைத்தொகுதிக் கழிவறைக்குப் போகாதீர்கள், அங்கே கை உலர்த்தும் இயந்திரம் காதைக் கிழிக்கும். படிக்கட்டுப் பக்கம் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூச்சை நாலு எண்ணும்வரை இழுத்து, ஏழெட்டு எண்ணும்வரை விடுங்கள். மூச்சை விடும்போதுதான் இதயத் துடிப்பு மெதுவாகும், அதனால் விடுவது நீளமாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கன்னத்தில் வைத்துக்கொள்ளலாம். போனைத் திறக்காதீர்கள், அதுவும் வெளிச்சம்தான். உடம்பு அடங்க இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை யாருக்கும் செய்தி அனுப்பவும் வேண்டாம், எதையும் முடிவு செய்யவும் வேண்டாம். யார் மீதாவது எரிந்து விழுந்திருந்தால் மன்னிப்பு நாளைக்கு, இரண்டு வரியில்.

வீட்டில் ஒரு தடவை நின்று, இந்த நிமிடம் எத்தனை சத்தம் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என் சமையலறையில் ஆறு இருந்தது: புகைபோக்கி விசிறி, மிக்ஸி, குக்கர், குழாய், ரேடியோ, கூடத்தில் டிவி. எல்லாவற்றையும் நிறுத்த முடியாது, ஆனால் மிக்ஸி ஓடும்போது ரேடியோவையும் டிவியையும் அணைக்கலாம். மிக்ஸிக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றைப் போட்டால் மேடை அதிர்வது குறையும், காற்றுத் துவாரத்தை மட்டும் மூடிவிடாதீர்கள். சோக் வைத்த பழைய குழல் விளக்கு, இங்குள்ள 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தலை கனக்கும். போனில் ஸ்லோ மோஷனில் படம் எடுத்தால் மினுக்கம் தெரிந்துவிடும், மாற்றிவிடுங்கள்.

மேல் வீட்டுப் புதுப்பிப்பு வேலையைத் தடுக்க முடியாது, ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) விதிப்படி உடைப்பதும் அதிகமாகத் துளைப்பதும் வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கூடாது. அறிவிப்பு ஒட்டியதும் அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்துவைத்து நூலகத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.

இவ்வளவு நாள் இல்லாமல் திடீரென்று சத்தமோ வெளிச்சமோ தாங்கவில்லை என்றால், கூடவே ஒற்றைத் தலைவலி, காதில் இரைச்சல், வீட்டை விட்டு வெளியே போகவே பயம் என்று இருந்தால், இதைச் சுபாவம் என்று விட்டுவிடாமல் பலதுறை மருந்தகத்தில் சொல்லுங்கள். மைக்ரேன், பதற்றநோய், ஆட்டிசம், கவனக்குறைபாடு இவற்றிலும் இதே மாதிரி இருக்கும், அவற்றுக்கு வேறு உதவி உண்டு. பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவிக்கான 1771 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம்.

பிள்ளைக்கு இது இருந்தால், பிறந்தநாள் விருந்துக்குக் கால் மணி நேரம் முன்பே கூட்டிப் போங்கள். மண்டபம் காலியாக இருக்கும்போது பலூன் எங்கே, கேக் எங்கே, வெளியே போகும் கதவு எது என்று கைபிடித்துச் சுற்றிக் காட்டுங்கள். ஸ்பீக்கருக்கு எட்டத்தில் கதவுப் பக்கமாக ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கேக் வெட்டியதும் போகலாமா, இன்னும் இருக்கலாமா என்று அவனிடமே கேளுங்கள். "போகலாம்" என்றால் கேக்கைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.