சுந்தரவனத்தின் பழைய வரைபடத்தைத் தப்பாகப் படிக்காதீர்கள்

நூறு வருடத்துக்கு முந்தைய டோப்போ ஷீட்டை, அதாவது நில அளவை வரைபடத் தாளை, ஸ்கேன் செய்து, சாட்டிலைட் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, தீவு 4 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் தாளின் விளிம்பில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகையை 80 டிகிரி 17 நிமிடம் 21 வினாடி என்று வைத்துக் கணக்கிட்டிருக்கிறோம், தாளிலுள்ள தீர்க்கரேகைகளில் 2 நிமிடம் 27 வினாடி கழித்துக்கொள்ளவும் என்று பழைய இந்திய சர்வே தாள்கள் பலவற்றில் குறிப்பு இருக்கும். சுந்தரவனம் இருக்கிற அட்சரேகையில் அது ஏறத்தாழ 4 கிலோமீட்டர். தீவு, ஆறு, காடு எல்லாம் ஒரே அளவுக்கு ஒரே பக்கம் நகர்ந்ததாகத் தெரிந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சரி, அதைத் திருத்திவிட்டீர்கள். அப்புறம் ஓதம். ஹூக்ளி ஆற்றின் முகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீர்மட்டம் 4, 5 மீட்டர் ஏறி இறங்கும். காலையில் நண்டு ஊர்ந்த சேற்றுத்திட்டின் மேல் மதியம் படகு போகும். பழைய தாளில் இருக்கும் கரைக்கோடு ஏற்றத்தில் வரைந்ததா, வற்றிக் கிடந்தபோது வரைந்ததா, உங்கள் சாட்டிலைட் படம் எந்த மணிக்கு எடுத்தது என்று தெரியாமல் கரை அரித்த கணக்குப் போடவே கூடாது.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர் ஜேம்ஸ் ரென்னல் தன் வங்காள வரைபடத்தில் ஆற்றைத் தப்பாக வரைந்துவிட்டார் என்று சொல்வது. 1764 முதல் 1777 வரை அவர் வங்காளத்தை அளந்த காலத்தில் பிரம்மபுத்திராவின் பெரிய ஓட்டம் மைமன்சிங் வழியாகத்தான் போனது. 1787 வெள்ளத்தில் டீஸ்டா ஆறு தடம் மாறிப் பிரம்மபுத்திராவில் விழுந்தது, அடுத்த சில பத்தாண்டுகளில் பெருநீர் மேற்கே, இன்று வங்கதேசத்தில் ஜமுனா எனப்படும் தடத்துக்குப் போய்விட்டது. அவர் பார்த்ததைத்தான் வரைந்தார், ஆறுதான் பின்னால் மாறியது.

அதே வரைபடத்தில் சுந்தரவனப் பக்கம், மக் எனப்பட்ட அரக்கான் கொள்ளையரால் ஆளற்றுப்போன பகுதி என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அங்கே மனிதரே இல்லை என்று எழுதுகிறார்கள். ரென்னலுக்குத் தரப்பட்ட முதல் வேலையே கங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் பெரிய படகுகள் போகிற வழியைக் கண்டுபிடிப்பதுதான், அதனால் அவர் கவனமெல்லாம் நீர்வழிகளில். சின்ன ஓடைகளுக்கு உள்ளே உப்புக் காய்ச்சிய மலாங்கிகளைத் தேட வேண்டுமானால் கம்பெனியின் உப்பு இலாகாப் பதிவேடுகளைப் புரட்டுங்கள், வரைபடத்தில் கிடைக்க மாட்டார்கள்.