அருங்காட்சியகத்தில் தனி ஆளா? கேட்டுக்கொள்ள ஒரு வட்டம் அமைப்பது எப்படி

சிறிய அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர், பதிவாளர், வழிகாட்டி எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். மரச்சிற்பத்தின் அடியில் புதிதாக மரத்தூள் உதிர்ந்திருந்தால், என்ன செய்யலாம் என்று கேட்கப் பக்கத்து அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படிக் கேட்பதற்கு ஆள் சேர்க்கும் வழி இது. சங்கம் பதிவு செய்வது, செயலாளரைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் இதில் கிடையாது.

படி 1: முதலில் கேள்வி, அப்புறம் ஆள்

வேலை எங்கெல்லாம் தடுக்கிறதோ அதையெல்லாம் சில வாரங்கள் குறித்து வையுங்கள். ‘பூச்சித் தொல்லை’ என்று எழுதினால் போதாது. ‘உறைய வைத்துப் பூச்சியைக் கொல்லலாம் என்கிறார்கள்; இந்தத் துணியில் தோல் பட்டையும் உலோகக் கொக்கியும் தைத்திருக்கிறதே?’ என்று எழுதுங்கள். பட்டியலைப் பார்த்தாலே யாரைத் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

படி 2: நான்கைந்து பேர் போதும்

உங்கள் வேலையையே வேறு இடத்தில் செய்யும் இருவர், ஒரு கன்சர்வேட்டர் (பழைய பொருட்களைச் சீர்செய்து காப்பவர்), ஓய்வு பெற்ற ஒருவர். ஓய்வு பெற்றவரை விட்டுவிடாதீர்கள். பாடம் செய்த பறவைகள், தோல் பொருட்கள் போன்றவற்றின் மீது ஒரு காலத்தில் ஆர்செனிக்கும் பாதரச உப்பும் பூசுவது வழக்கம். எதன் மீது என்ன பூசினார்கள் என்பது பல இடங்களில் பதிவேட்டில் இல்லை, பழைய ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது. காவலர்களையும் சேர்க்கலாம். கூரை ஒழுகுவது முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். உங்கள் மேலதிகாரியை மட்டும் சேர்க்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவரானாலும் சரி, அவர் எதிரில் யாரும் ‘எனக்கு இது தெரியாது’ என்று எழுத மாட்டார்கள்.

ஆளே தெரியாது என்றால் 1946-இல் தொடங்கிய சர்வதேச அருங்காட்சியக மன்றத்தைப் (ஐகாம்) பாருங்கள். தனிநபர்களும் அதில் உறுப்பினராகலாம். ஆவணப்படுத்தல், கல்வி, பாதுகாப்பு என்று துறைவாரியாக 30-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன.

படி 3: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

பெரும்பாலான வட்டங்கள் இங்கேதான் நின்றுவிடுகின்றன. ஆட்கள் சேர்ந்துவிடுவார்கள், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூச்சம் என்று நினைப்போம். பாதிக்கு மேல் அது கூச்சமே இல்லை, அலுவலக ரகசியத்தை வெளியே சொல்லிவிடுவோமோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஐகாமின் நெறிமுறைத் தொகுப்பே (1986-இல் ஏற்று, 2004-இல் திருத்தியது) வேலையில் அறிந்த ரகசியத்தையும் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு விவரங்களையும் காக்கச் சொல்கிறது.

அதனால் முதல் நாளே எல்லைக்கோட்டை எழுதி வைத்துவிடுங்கள். பொருளின் மதிப்பு, பொருளைக் கடனாகக் கொடுத்தவர் பெயர், கிடங்கு இருக்கும் இடம், கேமரா, பூட்டு, அலாரம் எதுவும் பேச்சில் வரக் கூடாது. படத்தில் சேர்க்கை எண் (பதிவேட்டில் அந்தப் பொருளுக்குக் கொடுத்த எண்) தெரிந்தால் மறைத்துவிட வேண்டும். பொருளின் நிலை, அது செய்யப்பட்ட மூலப்பொருள், அறையின் ஈரப்பதம், நீங்கள் செய்து பார்த்தது, அதன் விளைவு ஆகியவற்றைத் தாராளமாகப் பேசலாம். இந்தக் கோடு இருந்தால்தான் பேச்சு வரும்.

அப்படியும் மௌனமாக இருந்தால், பகிர்ந்துகொள்ள ஆபத்தில்லாத ஒரு வேலையைக் கையில் எடுங்கள். என் விருப்பம் ஆடி (Oddy) சோதனை. காட்சிப்பேழைக்குள் வைக்கப்போகும் பலகை, துணி, பசை ஆகியவற்றிலிருந்து பொருளை அரிக்கும் ஆவி வருகிறதா என்று பார்ப்பது. வெள்ளி, செம்பு, ஈயத் துண்டுகளுடன் அந்த மாதிரியையும் சிறிது தண்ணீரையும் மூடிய குப்பியில் வைத்து 60 டிகிரி செல்சியஸில் 28 நாள் விட வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு 28 நாள் மிச்சம். ஆனால் முடிவோடு வாங்கிய தேதியையும் தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறியுங்கள். கம்பெனிக்காரர் சொல்லாமலே கலவையை மாற்றுவதுண்டு.

படி 4: கருவி

மின்னஞ்சலும் ஒரு விரிதாளும் போதும். வாட்ஸ்அப் குழு எனக்குப் பிடிக்காது. படத்தைச் சுருக்கிவிடும், பூஞ்சையா தூசியா என்றே தெரியாது. பதிலோ பண்டிகை வாழ்த்துகளுக்கு அடியில் போய்விடும். படம் எடுக்கும்போது பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். யார் கேள்வி கேட்டாலும் கடைசியில் என்ன ஆயிற்று என்பதை அவரே விரிதாளில் எழுத வேண்டும். இந்த ஒரு விதியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்பளம் பேசலாமா? பேசலாம், ஆனால் வட்டத்துக்கு வெளியே, பெயர் இல்லாமல். 2019-இல் அருங்காட்சியக ஊழியர்கள் ஒரு பொது விரிதாளில் பெயர் போடாமல் தங்கள் சம்பளத்தை எழுதத் தொடங்கினார்கள், பதிவுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. நான்கைந்து பேர் வட்டத்தில் அது எடுபடாது. யார் எழுதியது என்று எளிதில் தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை: ‘நிர்வாகம் வெளியில் பேசவே கூடாது என்கிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தார். படி 3-இல் சொன்ன எல்லைக்கோட்டை ஒரு பக்கத்தில் அச்சிட்டு அனுமதி கேளுங்கள். எதைப் பேச மாட்டோம் என்பது எழுத்தில் இருந்தால் மறுப்பது கடினம்.

இன்னொன்று: விற்பனைக்கு வந்த ஒரு பொருள் திருட்டுப் பொருளாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வட்டத்தில் விவாதிக்க வேண்டாம். நேராக நிர்வாகத்துக்கும் காவல்துறைக்கும் சொல்லுங்கள். ரகசியம் காக்கும் கடமை அங்கே தடையாகாது என்று அதே நெறிமுறைத் தொகுப்பு சொல்கிறது.