ஊர் போய் இறங்கும் முதல் வாரமும் மெலடோனின் மாத்திரையும்

லண்டன், டொராண்டோ என்று வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிறவர்கள் பலரும், நேர மாற்றத்தால் கெடும் தூக்கத்துக்காக (ஜெட் லாக்) இப்போது மெலடோனின் வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எப்போது போடுவது என்று தெரிந்துகொண்டு போங்கள். இது ஆளை அடித்துப் போடும் தூக்க மருந்தல்ல. இருட்டியதும் மூளையின் பினியல் சுரப்பி தானே சுரக்கும் ஹார்மோன். இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வதுதான் அதன் வேலை.

அதனால் ஊர் நேரப்படி இரவு 10 மணிக்கு மேல், படுக்கப் போகும்போது போடுங்கள். முதல் சில இரவுகள் போதும். அரை மில்லிகிராமே வேலை செய்யும். 5 மில்லிகிராமில் தூக்கம் இன்னும் சீக்கிரம் வரும், அதற்கு மேல் போட்டுப் பயனில்லை. பகலில் மட்டும் வேண்டாம். நாள் முழுக்க மந்தமாக இருக்கும், ஊர் நேரத்துக்குப் பழகுவதும் தள்ளிப்போகும். வெளிச்சமும் முக்கியம்: ஆரம்ப நாட்களில் லண்டன்காரர்களுக்கு ஊரில் காலை 10 மணிக்கு மேற்பட்ட வெயில் உதவும், டொராண்டோக்காரர்களுக்குப் பிற்பகல் வெயில்.

சரி, மாத்திரையை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இறங்கிய மறுநாள் எந்த அலுவலகத்துக்கும் வருவதாக ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் வரும் தேதி தெரிந்ததுமே சித்தப்பா மறுநாள் காலைக்கு நிலப் பத்திர வேலையை வைத்துவிட்டார். "ரெண்டே கையெழுத்துத்தான்" என்றார். ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தோம். பெயரைக் கூப்பிட்டது ஒன்றரைக்கு. டொராண்டோவில் அப்போது விடிகாலை நாலு மணி, என் உடம்புக்கும் அதே நேரம்தான். கண் சொருகச் சொருகக் கையெழுத்துப் போட்டேன். கிளார்க் பழைய பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நீங்க போட்டதா?" என்றார். கடைசி எழுத்தின் சுழி கோட்டைத் தாண்டி இழுபட்டுக் கிடந்தது. மறுபடி போட்டால் அது வேறு மாதிரி. இன்னொரு அடையாளச் சான்று கொண்டுவா, நாளைக்கு வா, அதிகாரி இல்லை, திங்கட்கிழமை வா. அம்மாவோடு இருக்கலாம் என்று வைத்திருந்த நாட்களெல்லாம் அந்த வராண்டாவில் போயின.

எனக்கு எரிச்சல். சித்தப்பாவுக்கு அதைவிட. "நாங்க வருஷக்கணக்கா இப்படித்தான் அலையிறோம்" என்றார். நாங்கள் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அந்தப் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தவர் அவர்தான்; என்ன பதில் சொல்வது? இருந்தாலும் நீங்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே நாலைந்து நாள் இடைவெளி கேட்டு வைத்துவிடுங்கள்.

அப்புறம், மாத்திரை டப்பாவைக் கேட்பார்கள். "இயற்கையானதுதானே, எனக்கும் ராத்திரி தூக்கமில்லை, வச்சுட்டுப் போ" என்று சித்தி கேட்டார். மனசைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்தேன். அவர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுக்கிறவர். இதுவும் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடலாம். வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. 2017இல் கனடாவில் கடை மாத்திரைகளைச் சோதித்தபோது, லேபிளில் போட்டதைவிட 83 சதவீதம் குறைவானதும் இருந்தது, 478 சதவீதம் கூடுதலானதும் இருந்தது. அதைப் போய் வயதானவர் கையில் கொடுப்பதா?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு இது மருந்தும் அல்ல. அப்படித் தூக்கமில்லாதவரை டாக்டரிடம் அழைத்துப் போக ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, அவர்கள் தூக்கத்தை நாமும் கெடுக்கிறோம்: டொராண்டோவில் மதிய இடைவேளையில் நாம் போன் எடுத்தால் அங்கே ராத்திரி பத்து, பதினொன்று. அதை நம் காலை எட்டு மணிக்கு மாற்றுங்கள்; அவர்களுக்கு அது மாலை நேரம்.