கண்ணகி வழக்கை வைத்து வாதத்திறன் கற்பிப்பது எப்படி?

கேரளத்தின் குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்துத் தமிழ்வழி வகுப்பில் ஈதோஸ், பேதோஸ், லோகோஸ் என்று கரும்பலகையில் எழுதித் தொடங்காதீர்கள். கேட்பவரை இணங்கவைக்க அரிஸ்டாட்டில் பிரித்த இந்த மூன்று வழிகளையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். எழுதச் சொன்னால் கை ஓடாது. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு மலையேறிய பிள்ளை வகுப்பில் இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்: பாண்டியன் அவையில் கண்ணகி எப்படி வென்றாள்?

சிலப்பதிகார வழக்குரை காதையின் உரையாடலை எளிய தமிழில் பத்து வரியாக்கி, நால்வருக்கு ஒரு தாள், மூன்று நிறப் பென்சில் கொடுங்கள். இவள் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு நீலம், அது ஈதோஸ். மனதை அசைப்பது சிவப்பு, பேதோஸ். நிரூபிப்பது பச்சை, லோகோஸ். 40 நிமிடம் இதற்கே போய்விடும்.

பச்சை எளிது. கண்ணகியின் சிலம்புக்குள் இருந்த பரல் மாணிக்கம், அரசியுடையதில் முத்து. கோவலனிடம் பறித்ததை உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. ஆனால் உடைக்கும் முன்பே “எங்கள் சிலம்பில் முத்து” என்று அரசன் வாயால் ஏன் வர வேண்டும்? அவன் அதைச் சொல்லியிராவிட்டால் தெறித்த கல் எதையும் நிரூபித்திருக்காது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

நீலத்தில்தான் சண்டை வரும், வரட்டும். தன் பெயருக்கு முன் அவள் ஊரைச் சொல்கிறாள்: புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காக மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார். சிலர் நீலம் தீட்டுவார்கள், சிலர் சிவப்பு. இரண்டும் சரி, எதிரே இருக்கும் அரசனை அளக்கும் கோலும் அதிலேயே இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரே நிறம் என்று கட்டாயப்படுத்தினால் மூன்றும் தனித்தனி என்ற தப்பெண்ணம் ஊறிவிடும்.

அடுத்த பீரியடில் கடிதம். தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை தெருவிளக்கு கேட்டுப் பஞ்சாயத்துத் தலைவருக்கு எட்டு வாக்கியம், அதிலும் அதே மூன்று நிறங்கள். படிப்பவர் மலையாளி என்றால் பழமொழியைக் குறைத்து, எண்ணிச் சொல்லும் விவரங்களை அதிகமாக்கச் சொல்லுங்கள்.

நீலத்தில் “நான் நன்றாகப் படிப்பவன்” என்ற தற்புகழ்ச்சி வரும். “தினமும் காலை ஆறேகாலுக்கு இந்த வழியில் நடக்கிறேன்” என்று மாற்றவையுங்கள். நம்பிக்கை பழைய பெயரால் அல்ல, பேச்சாலேயே பிறக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் கருத்தும்கூட. சிவப்பில் ஆச்சரியக்குறி குவியும். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே ஒரு காட்சி கேளுங்கள்: மழையில் தங்கை அண்ணன் பையைப் பிடித்தபடி நடப்பது. பச்சையில் “99 சதவீதம் பேர்” என்பார்கள். யார் எண்ணியது? மூன்று மாலை போய்க் கம்பங்களையும் எரியும் விளக்குகளையும் எண்ணி, தேதியோடு எழுதட்டும்.

பிறகு கடிதங்களைக் குழுக்களுக்குள் மாற்றுங்கள். வாங்கிய குழு தலைவராக உட்கார்ந்து, “நிதி இல்லை” என்று ஒரு முறை மறுக்க வேண்டும். முழுக் கடிதத்தையும் திருப்பி எழுதவிடாதீர்கள். அந்த மறுப்புக்கு நிற்காத வாக்கியத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.